மைசூருவில் முதல் மனை: விலை கேட்கும் முன்

பிளேக் நோய் தாக்கிய பின்னர், 1903-ஆம் ஆண்டில், மைசூரு நகருக்கென மேம்பாட்டு டிரஸ்ட் வாரியம் ஒன்று நிறுவப்பட்டது. முதலில் சாலையும் வடிகாலும், பிறகே மனை என்பது அத்தகைய வாரியங்களின் நெறி. இன்று நகரின் எல்லையோரங்களில் இவ்வரிசை தலைகீழாவதைக் காண்கிறோம். பெங்களூரு - மைசூரு விரைவுச் சாலை 2023 மார்ச்சில் திறக்கப்பட்டபின் மனை விளம்பரங்களுக்குக் குறைவில்லை. வயலில் எல்லைக் கற்கள் நட்டாயிற்று. சாலையோ வரைபடத்தில் மட்டுமே இருக்கிறது.

முதன்முறையாக நிலத்தில் முதலீடு செய்ய விழையும் வாடிக்கையாளர் இங்கேதான் நிதானிக்க வேண்டும். வேளாண் நிலத்தை முறைப்படி மாற்றாமலே துண்டுகளாக்கி விற்பதைக் கர்நாடகத்தில் ‘ரெவின்யூ சைட்’ என்பர். அங்கீகரிக்கப்பட்ட மனையைவிட விலை மலிவு. அதுவே அதன் கவர்ச்சி. உழவர் அல்லாதோர் வேளாண் நிலம் வாங்குவதற்கிருந்த தடை 2020-இல் நீக்கப்பட்டதைச் சுட்டி, “இனி யாரும் வாங்கலாம்” எனத் தரகர் கூறக்கூடும். வாங்கலாம் என்பது உண்மையே. ஆயினும் அங்கு வீடு கட்ட, 1964-ஆம் ஆண்டு நில வருவாய்ச் சட்டத்தின் 95-ஆம் பிரிவின்படி நிலப்பயன் மாற்றமும், மனைப்பிரிவுக்குத் திட்ட அங்கீகாரமும் தேவை. இவையின்றி வாங்கியவர் கையில் இருப்பது மனையன்று. ஒரு துண்டு வயல்.

தமிழகத்திலிருந்து வருவோருக்கு ஆவணங்களின் பெயர்களே முதல் தடை. பட்டா, சிட்டா என்று தேடினால் கிடைக்காது. வேளாண் நிலத்துக்கு ‘பஹணி’. மனைக்கும் வீட்டுக்கும் ‘காதா’. காதா என்பது வரிப் பதிவேடேயன்றி உரிமைப் பத்திரம் அன்று. உரிமையை நிறுவுவது பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரமும், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்களின் அறுபடாத தொடர்ச்சியுமே. பொது அதிகாரப் பத்திரத்தின் வழியாக மட்டும் நடக்கும் விற்பனை உரிமையை மாற்றாது என 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

வில்லங்கச் சான்றிதழ் இன்றியமையாதது; ஆனால் பதிவான பரிமாற்றங்களை மட்டுமே அது காட்டும். வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதிவாகாத விற்பனை ஒப்பந்தம், நிலுவையிலுள்ள வழக்கு ஆகியவை அதில் இடம்பெறாமல் போகலாம். ஆகவே கன்னட ஆவணங்களைப் படித்துணரவல்ல வழக்கறிஞரை நாடுவது செலவன்று. விற்பவர் பரிந்துரைக்கும் வழக்கறிஞர் இதற்கு உதவார். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவாயின் ரெரா பதிவெண்ணையும் சரிபார்த்தல் வேண்டும்.

குறிப்பிட்ட மனைக்கு வங்கிகள் கடன் தர மறுத்தால், காரணத்தைக் கேட்டறியுங்கள். பெரும்பாலும் பதில் ஆவணத்திலேயே இருக்கும். வங்கி கடன் தந்துவிட்டால் உரிமை பழுதற்றது என்றும் பொருளில்லை. வங்கியின் ஆய்வு தன் ஈட்டுறுதிக்காகவே. உங்கள் ஆய்வை அது ஈடுசெய்யாது.

ஆவணம் சரியாயினும் கணக்கு எஞ்சியிருக்கிறது. 40 இலட்சம் ரூபாய் வீடு மாதம் 12,000 ரூபாய் வாடகை தருவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 1,44,000 ரூபாய், அதாவது 3.6 விழுக்காடு. வரி, பராமரிப்பு, ஆளில்லாத மாதங்கள் ஆகியவற்றைக் கழித்தால் இன்னும் குறையும். கடன் வட்டி இதனினும் மிகுதி. வெறும் மனையோ வாடகையே தராது. விலை ஏற்றம் ஒன்றையே நம்பிக் கடன் வாங்குவதை நாம் பரிந்துரைப்பதில்லை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பொதுவாகக் கடனுக்குள் அடங்கா என்பதால், அத்தொகையைக் கையிருப்பாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுதொகையே கையிலிருப்போர்க்கு ரீட் எனப்படும் நில முதலீட்டு அறக்கட்டளைகளின் அலகுகள் உள்ளன. இந்தியாவின் முதல் ரீட்டான எம்பசி 2019-இல் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. டீமேட் கணக்கின் வழியாக வாங்கலாம், விற்கலாம். அலகின் விலை ஏறும், இறங்கவும் செய்யும்.