இரண்டு கோடி ரூபாய் மன்னிப்பு
கோட்டுக்கு வெளியே – 17

2023 மார்ச் 3, வெள்ளிக்கிழமை இரவு. பெங்களூரு கண்டீரவா மைதானம். ஐ.எஸ்.எல். நாக்-அவுட் ஆட்டம், தோற்கிற அணி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெங்களூரு எஃப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்ஸும் 90 நிமிடம் முட்டி மோதியும் கோல் விழவில்லை. கூடுதல் நேரம் தொடங்கி ஏழு நிமிடம்கூட ஆகியிருக்காது, பெனால்டி பெட்டிக்குச் சற்று வெளியே பெங்களூருவுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. பந்தின் அருகே சுனில் சேத்ரி நின்றார். கேரளாவின் அட்ரியன் லூனா பந்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு நகர ஆரம்பித்தார். கோல்கீப்பர் பிரப்சுகன் கில் சுவர் எங்கே நிற்க வேண்டும் என்று தன் ஆட்களுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார். அந்த நொடியில் சேத்ரி பந்தைத் தூக்கிவிட்டார். காலியாகக் கிடந்த கோலுக்குள் பந்து போய் விழுந்தது. நடுவர் கிரிஸ்டல் ஜான், கோல் என்று கைகாட்டினார்.

கேரள வீரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் மைதானத்துக்குள் வந்து தன் ஆட்களை வெளியே கூப்பிட்டார். அவர்கள் போனார்கள், திரும்பி வரவில்லை. ஏறக்குறைய இருபது நிமிடம் காத்திருந்த பிறகு பெங்களூரு 1-0 என்று வென்றதாக அறிவித்தார்கள்.

அந்தக் கோல் செல்லுமா, செல்லாதா? இன்றைக்கும் கொச்சியில் டீக்கடைச் சண்டைக்குத் தோதான கேள்வி இது. விதி என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கோபம் முழுக்க அங்கேதான் கிடக்கிறது.

ஃப்ரீ கிக் அடிக்கும்போது எதிரணியினர் 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஆனால், அவர்கள் தள்ளிப் போகும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் அடிப்பவருக்குக் கிடையாது. தப்பு செய்த அணிக்குச் சுவர் கட்டிக்கொள்ள அவகாசம் எதற்கு என்பதுதான் விதியின் நியாயம். விரும்பினால் உடனே அடிக்கலாம், அதற்கு விசிலும் தேவையில்லை. நடுவர் தலையிட்டு, சுவரை இன்ன தூரத்தில் நில் என்று ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிட்டாலோ, யாருக்காவது அட்டை காட்டினாலோ கதை மாறுகிறது. அப்புறம் அவர் விசில் ஊதினால்தான் ஆட்டம் மீண்டும் தொடங்கும். ஆக, அன்றைய வழக்கு ஒரே புள்ளியில் நிற்கிறது: சேத்ரி பந்தைத் தொடுவதற்கு முன்பு நடுவர் அந்த ஃப்ரீ கிக்கைத் தன் கையில் எடுத்துக்கொண்டுவிட்டாரா, இல்லையா?

விசிலும் வேண்டாம், சுவரைத் தள்ளி நிறுத்தவும் வேண்டாம் என்று நடுவரிடம் சொல்லிவிட்டுத்தான் அடித்ததாக சேத்ரி பிறகு விளக்கினார். அது லூனாவின் காதிலும் விழுந்தது, அதனால்தான் அவர் முதலில் பந்தை மறித்துக்கொண்டு நின்றார் என்பது சேத்ரியின் தரப்பு. நேரம் நிறையவே கடந்துவிட்டது, இதை உடனடி ஃப்ரீ கிக் என்று எப்படிச் சொல்ல முடியும் என்பது கேரளாவின் தரப்பு. இரண்டிலுமே பொருள் இருக்கிறது. என்னைக் கேட்டால், சேத்ரி விதிக்குள் நின்றுதான் ஆடினார். எதிரணி அசந்த நேரம் பார்த்து அடிப்பது ஃபுட்பால் தோன்றிய நாள் முதல் உள்ள தந்திரம். ஆனால், என் தீர்ப்புக்கும் டீக்கடைத் தீர்ப்புக்கும் மதிப்பில்லை. சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். அவர் என்ன பார்த்தார், சேத்ரியிடம் என்ன சொன்னார், எந்த விதியின்படி கோல் கொடுத்தார் என்பது கண்டீரவாவின் மஞ்சள் சட்டைக் கூட்டத்துக்கு அன்றிரவு சொல்லப்படவில்லை.

அந்தக் கூட்டத்தைப் பற்றித் தெரிந்தால்தான் அதன் கோபம் புரியும். 2014, 2016, 2022 என மூன்று முறை இறுதிப்போட்டி வரை போய், மூன்றிலும் தோற்ற அணி கேரளா பிளாஸ்டர்ஸ். கோப்பை ஒன்றுகூட இல்லை. இருந்தும் கொச்சி நேரு ஸ்டேடியத்தை மஞ்சளாக்கிவிடுகிற மஞ்ஞப்படை என்ற அதன் ரசிகர் கூட்டம், வெளியூர் ஆட்டங்களுக்கும் ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறிப் போகிறது. மலையாளிகள் ஏராளமாக வாழும் பெங்களூருவைச் சொல்லவே வேண்டாம். சென்னை வேளச்சேரியில் வேலை பார்க்கும் திருச்சூர்த் தம்பி ஒருவனிடம் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒருமுறை பேச்சு வந்தது. "தோத்தா தோத்துட்டுப் போறோம் அண்ணா. மூணு ஃபைனல் தோத்தவங்க நாங்க, எங்களுக்கு அது புதுசா என்ன? ஏன் கோல்னு ஒருத்தராவது வந்து சொல்லணும் இல்லையா? சொல்லலையே!" என்றான். நடுவர் தப்பு செய்யக் கூடாது என்று அவன் சொல்லவில்லை. கேரளா ஜெயித்திருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் அணி ஊர் திரும்பியபோது விமான நிலையத்தில் ரசிகர்கள் திரண்டு நின்று இவானை வரவேற்றார்கள். பாதியில் ஆட்டத்தை விட்டு வந்த பயிற்சியாளருக்கு வெற்றி வீரனுக்கான வரவேற்பு. தங்கள் மனதில் இருந்ததை அவர் செய்துவிட்டார் என்ற நிறைவு அவர்களுக்கு. இன்னொரு பக்கம், சேத்ரியைச் சமூக வலைதளங்களில் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். இந்தியாவுக்காக இத்தனை ஆண்டு ஓடிய மனிதரை, விதிக்கு உட்பட்ட ஒரு உதைக்காக ஏசியது அநியாயம். அதை எந்தக் கோபத்தின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது.

இனி கிளப் என்ன செய்தது என்று பார்ப்போம். ஆட்டத்தைத் திரும்ப நடத்த வேண்டும் என்று அகில இந்திய ஃபுட்பால் சம்மேளனத்திடம் முறையிட்டது. சில நாட்களிலேயே அது தள்ளுபடியானது. ஆட்டத்துக்குள் நடந்த சங்கதியில் நடுவர் சொன்னதே முடிவு, அதை எதிர்த்து முறையீடு செல்லாது என்பது ஃபுட்பாலின் பொது விதி. மார்ச் 31 அன்று ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் தீர்ப்பு வந்தது. ஆட்டத்தைக் கைவிட்டதற்காக கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம். பகிரங்கமாக மன்னிப்பு கேட்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் கேட்காவிட்டால் அபராதம் 6 கோடி. இவானுக்கு 10 ஆட்டங்கள் தடை, 5 லட்சம் அபராதம். அவரும் மன்னிப்பு கேட்காவிட்டால் அது 10 லட்சம்.

ஆட்டத்தை விட்டு வெளியேறியதற்குத் தண்டனை வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட நிமிடங்கள் மீதமிருந்தன. ஒரு கோல் பின்தங்கிய அணி அதைத் திருப்ப அவ்வளவு நேரம் தாராளம். டிக்கெட் வாங்கி வந்த தன் ரசிகனிடமிருந்தே அந்த நிமிடங்களை இவான் பறித்துவிட்டார். ஒருவரை விட்டால் நாளைக்கு ஒவ்வொரு பயிற்சியாளரும் ஒவ்வொரு பெனால்டிக்கும் ஆட்களை வெளியே கூப்பிடுவார்கள். அபராதம் சரி, தடையும் சரி.

அந்த மன்னிப்பு மட்டும் என் தொண்டையில் சிக்குகிறது. 4 கோடிக்கும் 6 கோடிக்கும் இடையிலான 2 கோடியை ஒரு மன்னிப்புக் கடிதத்தின் தலையில் கட்டிவிட்டால், அந்தக் கடிதத்தை யார் உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள்? ஏப்ரல் 2 அன்று கடிதம் வந்தது. நாக்-அவுட் ஆட்டத்தில் வெளியேறியது துரதிர்ஷ்டமானது, முறையற்றது, ஆட்டத்தின் சூட்டில் எடுத்த முடிவு, வருந்துகிறோம் என்றது கிளப். இவானும் வருத்தம் தெரிவித்தார். வெளியேறியது தவறு என்று கிளப்பே மனதார உணர்ந்திருக்கலாம். நம்புவதற்குத்தான் வழியில்லாமல் செய்துவிட்டார்கள். விமான நிலையத்தில் நின்ற ரசிகன் அதை வாசித்தபோது தன் அணியின் குரல் அதில் கேட்கவில்லை, தணிக்கையாளரின் குரல்தான் கேட்டது. மறுபுறம், நடுவர் தரப்பிலிருந்து அவனுக்கு ஒரு பத்தி விளக்கம் வாங்கித் தரவேண்டும் என்று அந்தத் தீர்ப்பில் யாருக்கும் தோன்றவில்லை. கிளப் மேல்முறையீட்டுக்குப் போனது. ஜூன் மாதம் அதுவும் தள்ளுபடி.

இதே 2023இல் இங்கிலாந்தில் நடந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். செப்டம்பர் 30, லண்டனில் டாட்டன்ஹாமும் லிவர்பூலும் மோதின. லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் அடித்தார். துணை நடுவர் ஆஃப்சைடு என்று கொடி தூக்கினார். ஆஃப்சைடே இல்லை. வீடியோ அறையில் இருந்த டேரன் இங்கிலாந்து அதைச் சரியாகவே பார்த்தார். ஆனால், மைதானத்தில் கோல் என்று கொடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, பரிசோதனை முடிந்தது என்று சொல்லிவிட்டார். சரியென்று அவர் ஒப்புதல் தந்தது, தவறான முடிவுக்கு ஒப்புதலாகப் போய்ச் சேர்ந்தது. லிவர்பூல் கடைசியில் ஒன்பது பேராக ஆடி, இறுதி நிமிடத்தில் விழுந்த சொந்த கோலால் 2-1 என்று தோற்றது. கையில் எல்லாக் கருவியும் இருந்தும் இப்படி நடந்தால் ரசிகன் எங்கே போய் முட்டிக்கொள்வான்?

தவறு நடந்துவிட்டது என்று நடுவர் அமைப்பு அன்றிரவே ஒப்புக்கொண்டது. லிவர்பூலுக்கு அது போதவில்லை. விளையாட்டின் நேர்மைக்கே பங்கம் வந்துவிட்டது, முழு வெளிச்சத்தோடு விசாரிக்க வேண்டும் என்று மறுநாள் அறிக்கை விட்டது. அந்த அறைக்குள் நடந்த பேச்சின் ஒலிப்பதிவையும் கேட்டு வாங்கியது. அக்டோபர் 3 அன்று அந்தப் பதிவு எல்லோருக்கும் வெளியானது. நான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். முதலில் நிம்மதியான குரல்கள். பிறகு, ரீப்ளே இயக்குபவர் சந்தேகப்பட்டு, மைதானத்தில் கொடுத்தது ஆஃப்சைடு ஆயிற்றே என்று கேட்கிறார். என்ன நடந்துவிட்டது என்பது எல்லோருக்கும் உறைக்கிறது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி ஒருவர் கெஞ்சாத குறையாகச் சொல்கிறார். ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால் பின்னால் போகக் கூடாது என்பது விதி. ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் டேரன் இங்கிலாந்து. அந்தக் குரலில் பதறிப்போன ஒரு மனிதர் இருக்கிறார், சதிகாரர் யாரும் இல்லை. லிவர்பூலுக்குப் புள்ளி திரும்பவில்லை. ஆட்டத்தைத் திரும்ப நடத்த வேண்டும் என்று பயிற்சியாளர் யூர்கன் க்ளாப் சொன்னது நடக்கவில்லை. ரசிகர்களின் ஆத்திரமும் உடனே ஆறிவிடவில்லை. ஆனால், என்ன நடந்தது என்பது லிவர்பூல் ரசிகனுக்கும் டாட்டன்ஹாம் ரசிகனுக்கும் ஒரே மாதிரி தெரிந்துவிட்டது.

கிளப் வாயைத் திறந்தாலே நல்லது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 ஏப்ரல் 21 அன்று எவர்ட்டனிடம் 2-0 என்று தோற்ற நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், தனக்கு மூன்று பெனால்டி மறுக்கப்பட்டதாகப் பொருமியது. அதில் ஒன்றாவது கொடுத்திருக்க வேண்டும் என்றே எனக்கும் படுகிறது. ஆட்டம் முடிந்த கையோடு கிளப்பின் அதிகாரபூர்வ கணக்கில் ஒரு பதிவு வந்தது: வீடியோ நடுவர் லூட்டன் ரசிகர், அவரை மாற்றச் சொல்லி முன்பே எச்சரித்தோம், கேட்கவில்லை என்று. அப்போது தரம் இறங்கும் அபாயத்தில் ஃபாரஸ்ட்டுக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால் நின்ற அணி லூட்டன். அந்த நிமிடத்தோடு மூன்று பெனால்டியும் எல்லோருக்கும் மறந்துபோயிற்று. ஸ்டூவர்ட் அட்வெல் என்ற அந்த வீடியோ நடுவரின் நேர்மை பற்றிய பஞ்சாயத்து மட்டுமே மிஞ்சியது. விசாரணை முடிந்து, கிளப்புக்கு 7,50,000 பவுண்டு அபராதம் விழுந்தது. தன் ரசிகனுக்காகக் கேட்க வேண்டிய நியாயமான கேள்வியை ஃபாரஸ்ட் தன் கையாலேயே புதைத்தது.

நம் ஊரில் ஒலிப்பதிவுக்கு வீடியோ அறையே இல்லை. கண்டீரவா சம்பவத்துக்குப் பிறகு, குறைந்த செலவில் இயங்கும் எளிய வீடியோ முறை ஒன்றைக் கொண்டுவரலாம் என்று சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபே பேசினார். கருவி வருவது நல்லதுதான். ஆனால், சேத்ரியின் உதை செல்லுமா என்பதைத் தீர்க்க எந்தக் கேமராவும் தேவைப்படவில்லை. நடுவரின் இரண்டு வாக்கியம் போதும். நடுவருக்கும் அது பாதுகாப்பு. விளக்கம் இல்லாத இடத்தில் வதந்திதான் குடியேறும். அதன் முழு எடையையும் தனி ஒருவராக கிரிஸ்டல் ஜான்தான் சுமந்தார்.

2023 செப்டம்பர் 21 அன்று புதிய சீசனின் முதல் ஆட்டமே கொச்சியில், அதே பெங்களூருவுக்கு எதிராக. கேரளா 2-1 என்று ஜெயித்தது, ஒரு கோல் லூனாவுடையது. தடையில் இருந்த இவான் பெஞ்சில் இல்லை. அக்டோபர் 27 அன்று ஒடிசாவுக்கு எதிராக அவர் திரும்பி வந்தார். அதிலும் 2-1 வெற்றி. நவம்பர் 29 அன்று நம் சென்னையின் எஃப்.சி. கொச்சிக்குப் போய் 3-3 என்று சமன் செய்த ஆட்டத்துக்குப் பிறகு, செய்தியாளர்கள் முன்பு இவான் நடுவர்களின் தரத்தைக் கடுமையாகச் சாடினார். இந்த முறை யாரையும் வெளியே கூப்பிடவில்லை, பேச மட்டும்தான் செய்தார். ஒரு ஆட்டம் தடை, 50,000 ரூபாய் அபராதம். டிசம்பர் 14 அன்று டெல்லியில் பஞ்சாப் அணியை எதிர்கொண்டபோது கேரளாவின் பெஞ்சில் மறுபடியும் அவர் இல்லை. கேரளா 1-0 என்று வென்றது. கோல், டயமன்டகோஸ் அடித்த பெனால்டி.

அடுத்த வாரம்: 2012 டிசம்பர் 9, கொல்கத்தா சால்ட் லேக். இடைவேளைக்குப் பிறகு மோகன் பகான் மைதானத்துக்குத் திரும்பாத அந்த மாலையும், இரண்டு ஆண்டுத் தடை 2 கோடி அபராதமாகச் சுருங்கிய கதையும்.