பொன்னேரி முதல் பழவேற்காடு வரை: ஒரு மிதிவண்டிச் சுற்றுப்பாதை

சுற்றுலா என்றால் பேருந்து அமர்த்திக்கொண்டு உதகைக்கோ கொடைக்கானலுக்கோ போவதுதான் என்று நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். பொன்னேரியிலிருந்து கிழக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில், சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பரந்து கிடக்கிறது. அதை மிதிவண்டியில் போய்ப் பார்த்து, போன வழியே திரும்பாமல் வேறு வழியாக வந்து சேரவேண்டும் என்று நான் முதலாண்டு படித்தபோது எங்களுக்குள் பேச்சு எழுந்தது. பாதை வகுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதை எப்படி வகுத்தேன், எங்கே தவறினேன் என்பது பின்வரும் மாணவர்களுக்குப் பயன்படலாம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தார்ச்சாலையை விட்டுச் சரளைப் பாதையிலும் மண் பாதையிலும் நெடுந்தூரம் மிதிவண்டி ஓட்டுவது இன்று மேலை நாடுகளில் பெரும் ஆர்வமாக வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006-இல் இதற்கென ஒரு நெடும் பந்தயம் தொடங்கிற்று. 2022-இல் இத்தாலியில் முதல் உலகச் சாம்பியன் போட்டியே நடந்தது. அதற்குக் 'கிராவல்' ஓட்டம் என்று பெயர். அவர்கள் வண்டிகளின் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். ஆனால் கிராவல் நமக்குப் புதிய சொல்லா என்ன? ஊருக்கு ஊர் லாரியில் கொண்டுவந்து கொட்டும் மண்தானே அது! வண்டியும் நம்மிடம் இருக்கிறது. பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி இந்தப் பாதைக்குத் தாராளமாகப் போதும்.

போகும் வழிக்கு ஆரணியாற்றங்கரையைத் தேர்ந்தேன். ஆந்திர மலைப்பகுதியில் பிறந்து, பிச்சாட்டூர் அணையைக் கடந்து, சுருட்டப்பள்ளி வழியாக வரும் இவ்வாறு பொன்னேரியைத் தொட்டுக்கொண்டு போய்ப் பழவேற்காட்டு ஏரியில் கலக்கிறது. ரெட்டிபாளையம், தத்தைமஞ்சி, ஆண்டார்மடம் என்று ஊர்கள் வரும். நெல் வயலும் பனையும் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் கரை முழுவதும் ஒரே சீரான பாதை என்று எண்ணிவிடக்கூடாது. ஓரிடத்தில் நல்ல கிராவல் இருக்கும். அடுத்த இடத்தில் மாட்டுத்தடம். 2021 நவம்பர் வெள்ளத்தில் கரை பல இடங்களில் உடைந்து, பின்னர் அடைக்கப்பட்டது. அடைத்த இடங்களில் மண் இன்னும் இறுகாமல் சக்கரத்தை விழுங்கப் பார்க்கும். அங்கே இறங்கித் தள்ளுவதே அறிவுடைமை.

காடு எங்கே என்று கேட்பீர்கள். பழவேற்காடு என்ற பெயரிலேயே காடு இருக்கிறது. இன்று நாம் வழியில் காணும் காடோ பெரும்பாலும் வேலிகாத்தான், அதாவது சீமைக் கருவேலம். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த இடத்தையும் முட்புதரே ஆண்டுகொண்டிருக்கிறது. அந்த முள் டயரைத் துளைத்து டியூபைத் தொட அரை நொடி போதும். நாங்கள் பதினைந்து பேர் போனோம், ஆறு பஞ்சர். ஆகவே பஞ்சர் ஒட்டும் பசை, ரப்பர், பம்பு ஆகியவற்றை மறந்துவிட்டு இப்பாதையில் யாரும் புறப்படவேண்டாம்.

நேரத்தைக் குறிப்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஏரிப் பக்கம் காற்று நாள் முழுவதும் ஒரே திசையில் அடிப்பதில்லை. விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். வெயில் ஏறி நிலம் சூடானதும் திரும்பிக் கடலிலிருந்து வீசத் தொடங்கும். இருட்டு விலகும்போதே கிளம்பினால் கிழக்கே போகும் நம்மைக் காற்று தடுக்காது. பிற்பகலில் திருப்பாலைவனம் வழியாகத் தார்ச்சாலையில் மேற்கே திரும்பும்போது கடற்காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். இதை மாற்றிச் செய்தால் இரு முறையும் காற்றோடு மல்லுக்கட்ட நேரும். மாதத்தையும் பார்க்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிச்சாட்டூரில் நீர் திறந்தால் ஆற்றங்கரை பக்கமே போகலாகாது. வாடைக்காற்றுக் காலத்தில் காலையிலும் எதிர்க்காற்றுதான். சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜனவரிக் கடைசி முதல் மார்ச்சு வரை ஏற்ற காலம். பூநாரைகளும் அப்போது ஏரியில் இருக்கும்.

இவ்வளவும் சரியாகவே செய்தேன். தவறியது பசியாவரத்தில்.

பழவேற்காட்டுக் கரையில் நின்றால் எதிரே நீருக்கு அப்பால் தெரியும் மீனவர் ஊர் பசியாவரம். கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தபோது, வண்டிகளைப் படகில் ஏற்றி அங்கே போய்ச் சுற்றிவிட்டு வந்தால் பாதை முழுமையாகும் என்று தோன்றிற்று. 'காலை ஏழு மணி, படகு' என்று தாளில் எழுதினேன். அதைப் பார்த்த வகுப்புத் தோழர் ஒருவர் சிரித்தார். அவர் ஊரே பசியாவரந்தான்.

"ஏழு மணின்னு எழுதியிருக்கியே, தண்ணியக் கேட்டியா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். ஏரி பல இடங்களில் இடுப்பளவு ஆழங்கூட இராது. கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டால் ஓதம் உள்ளே ஏறாது, நீர் குறையும், படகு சேற்றில் தட்டும். மழைக்காலத்திலோ ஆற்று வெள்ளமும் காற்றும் சேர்ந்து கடக்கவே விடாது. பள்ளியில் படித்தபோது அப்படிப்பட்ட நாள்களில் அவர் வகுப்புக்குப் போனதே இல்லையாம். நான் பார்த்த படம் எந்த மாதத்து நீரைக் காட்டியதோ, அதை நான் கேட்கவே இல்லை.

பிறகு அவர் கேட்டதுதான் என்னை வாயடைக்க வைத்தது. "காலையில எங்கம்மா மீன் கூடையோட ஏறுற படகுல உன் பதினஞ்சு சைக்கிளையும் ஏத்தினா, கூடையை எங்க வெக்கிறது?"

மீன் சந்தைக்குப் போகவேண்டிய நேரம் அது. தாமதமானால் விலை போகாது. நான் காட்சிக்காகக் குறித்த நேரம் அவர்கள் வீட்டுப் பிழைப்புக்கான நேரம்.

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகச் சென்ற படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதும், அதன்பின் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றுவதற்குத் தடை வந்ததும் அப்போதுதான் எனக்குத் தெரியவந்தன. ஊரார் கடப்பதற்காக உள்ள படகில் பதினைந்து மாணவர்களை ஏற்றிச் செல்ல நான் யார்? பசியாவரத்துக்குப் பாலம் கட்டும் வேலை அன்று முடிந்திருக்கவில்லை. தாளில் அந்தக் கோட்டை அடித்தேன். எங்கள் பாதை கரையிலேயே திரும்பிற்று. மொத்தம் நாற்பது கிலோமீட்டரைச் சற்றே தாண்டும்.

பிப்ரவரி மாத ஞாயிறு ஒன்றில் போய் வந்தோம். டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாயிலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்த்தோம். ஏரியில் இருளர் பெண்கள் நீரில் அமர்ந்தபடி கையால் தடவி இறால் பிடிப்பதைக் கண்டோம். எந்த இடத்தில் யார் எந்நாளில் வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாட்டைத் தோழர் கரையில் நின்றபடி சொன்னார். பொருளாதார வகுப்பில் பொதுச் சொத்து பற்றிப் படித்ததைவிட அது எனக்கு நன்றாக விளங்கிற்று. பூநாரைகள் தொலைவில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தன. அருகே போக நாங்கள் முயலவில்லை. அது பறவைகள் சரணாலயம்.

பத்து மணியளவில் எதிர்க்கரையிலிருந்து ஒரு படகு வந்தது. தோழரின் தாயார் கூடையுடன் இறங்கினார். எங்கள் வண்டிகளை ஒரு முறை பார்த்தார். "இவ்ளோ தூரம் மிதிச்சிக்கினு வந்தீங்களா? சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நில்லாமல் பேருந்தைப் பிடிக்க விரைந்தார்.

போகிறவர்கள் கவனிக்க இன்னும் இரண்டு செய்திகள். உப்புக்காற்று பட்ட சங்கிலியை அன்று மாலையே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடவேண்டும். நான் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதில் துரு ஏறி நூற்றைம்பது ரூபாய் செலவாயிற்று. ஆண்டார்மடத்துக்கு அப்பால் குடிநீர் கிடைக்கும் என்று நம்பிப் போகவேண்டாம். ஆளுக்கு இரண்டு புட்டியாவது பொன்னேரியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். நான் வரைந்த படம், அடித்த கோட்டோடு, என்னிடம் இருக்கிறது. வேண்டுவோர் வாங்கிப் படி எடுத்துக்கொள்ளலாம்.