வீடே பள்ளியானால்: யாருடைய வீடு, எந்தப் பாடம்?

காரைக்குடியில் மூன்று வயதுக் குழந்தைக்கு வீட்டிலேயே கற்பிக்க விரும்பும் பெற்றோருக்கு இன்று பாடத்திட்டங்களுக்குக் குறைவில்லை. ஒலிப்புமுறை அட்டைகள், மாண்டிசோரி மரப்பொருள்கள், இணையவழித் தொகுப்புகள் எனப் பலவும் விலைக்குக் கிடைக்கின்றன. பள்ளியில் சாதி இழிவைச் சுமந்து வளர்ந்த தலித் பெற்றோர் சிலரும், தம் பிள்ளைக்கு அது நேரக் கூடாது என்றெண்ணி இவற்றை நாடுகின்றனர். அந்த அச்சம் பொய்யன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே உடன்படித்தோரால் வெட்டப்பட்டார். அதன்பின் அமைந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, பள்ளிகளில் சாதியை ஒழிப்பதற்கான பரிந்துரைகளை 2024 ஜூனில் அளித்தது. ஆயினும் பாடத்திட்டத்தைத் தேர்வதற்கு முன் நாம் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: வீடு என்பது எல்லாருக்கும் ஒன்றா?

செட்டிநாட்டில் வீட்டுக்கல்வி புதிதன்று. நகரத்தார் குடும்பத்துச் சிறுவன் கணக்கையும் வட்டியையும் பெரியவர்களிடம் கற்றான். பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து தொழில் பழகினான். அந்த வீட்டின் பாடம் மூலதனமாயிற்று. இதே வட்டாரத்தில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கு விதிக்கப்பட்ட பாடம் வேறு. சிவகங்கையையும் உள்ளடக்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930-31-இல் ஆதிக்கச் சாதியினர் தடைகளைப் பட்டியலிட்டு விதித்தனர். பிள்ளைகள் எழுத்தறிவு பெறக் கூடாது, மிராசுதார்களின் மாடுகளையே மேய்க்க வேண்டும் என்பனவும் அவற்றுள் அடங்கும். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் இவற்றைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

அரசே வீட்டைப் பாடத்திட்டமாக்கிய காலமும் உண்டு. 1953-இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, கிராமப்புறப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளியில் இருப்பர். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகுவர். திராவிட இயக்கத்தினர் இதனைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தனர். காமராசர் முதலமைச்சரான பின் 1954-இல் அது கைவிடப்பட்டது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்டதும் அதே 1953-இல்தான். ஒருபுறம் நாட்டின் அறிவியலுக்கு ஆய்வுக்கூடம். மறுபுறம் அதைச் சுற்றியுள்ள ஊர்களின் பிள்ளைகளுக்கு அப்பன் தொழில்.

கைத்தொழிலைக் கற்பிப்பதே தவறென்று நாம் கூறவில்லை. மரியா மாண்டிசோரி 1907-இல் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியது ரோம் நகரின் உழைக்கும் மக்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில்தான். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தார். அவர் முறையில் குழந்தை தரை பெருக்கும், நீர் ஊற்றும், மேசை துடைக்கும். வசதியான வீட்டுப் பிள்ளை பெருக்கினால் அது வாழ்க்கைத்திறன் எனப்படுகிறது. தலித் பிள்ளையை மட்டும் பள்ளியில் பெருக்கச் சொன்னால் அது சாதி. செயல் ஒன்றே, பிறப்பைப் பார்த்து அது பகிரப்படும்போதுதான் இழிவாகிறது. ஆகவே எந்தப் பாடத்திட்டத்தையும் அளக்க ஒரு கேள்வி போதும்: இதே பாடத்தை எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் கொடுப்பார்களா?

இதிலிருந்து நடைமுறை அளவுகோல்கள் சில பிறக்கின்றன. முதலாவது, மொழி. குழந்தை வீட்டில் பேசும் தமிழைக் கொச்சை என்று திருத்தித் திருத்தி வாயடைக்காத பாடம் வேண்டும். எழுத்தறிவு தமிழில் வேரூன்றட்டும், ஆங்கிலம் உடன் வரட்டும். இரண்டாவது, படங்கள். நல்ல வீடு, நல்ல உணவு, அழகிய முகம் என்று நூல் எவற்றைக் காட்டுகிறது? மாட்டிறைச்சி உண்ணும் வீட்டுக் குழந்தை தன் வீட்டை அதில் காண முடியுமா? மூன்றாவது, நேரமும் செலவும். விடியலில் வேலைக்குச் செல்லும் தாயிடம் நாளெல்லாம் உடனிருக்கக் கோரும் திட்டம், தொடங்கும்போதே தோற்கும். நான்காவது, திரும்பும் வழி. தமிழ்நாடு அரசின் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகப் பெறலாம். வீட்டுப் பாடம் அவற்றோடு ஒத்துச் சென்றால், குழந்தை எப்போது வேண்டுமானாலும் பள்ளியில் சேரலாம்.

இந்த நான்காவது அளவுகோல் சட்டத்தோடும் தொடர்புடையது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10-ஆம் பிரிவு. பள்ளிக்கே செல்லாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்கிறது 4-ஆம் பிரிவு. உடல்ரீதியான தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. இழிவுக்கு அஞ்சிப் பள்ளியை விட்டு விலகுவதற்கு முன், எழுத்துவடிவில் முறையிட இப்பிரிவு துணையாகும்.

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இவ்வுரிமை நீளவில்லை. அங்கன்வாடியும் வீடும் சேரிக்குள் நடக்கும் மாலை வகுப்பும்தான் அவ்வயதின் பள்ளி. கொரோனாக் கால இழப்பை ஈடுசெய்ய 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் குடியிருப்புகளுக்கே சென்று 1 முதல் 8 வரையிலான வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். அத்தகைய இடங்களில் நம் கல்லூரி மாணவர்கள் அமரும்போது, வீட்டுக்கல்வி தனிவீட்டின் முயற்சியாக நில்லாமல் தெருவின் முயற்சியாகிறது. ஒரு நூலைக் குழந்தையின் கையில் கொடுப்பதற்கு முன் நான்கு பெற்றோர் சேர்ந்து அதைப் படித்துப் பார்ப்பதிலிருந்து நாம் தொடங்கலாம்.