ஒரு சைபர் குறைந்தது

புற்றுநோயை வேட்டையாடும் செல்களை மும்பையிலேயே தயாரித்து, சிகிச்சைச் செலவைப் பத்தில் ஒரு பங்காக்கிவிட்டார்கள். ஆனாலும் சாமானியருக்கு அது இன்னும் எட்டாக் கனிதான்.

எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காத மருந்து இது. நோயாளியின் ரத்தத்திலிருந்தே தயாராகிறது. நோய் எதிர்ப்புப் படையின் சிப்பாய்களான டி செல்களை ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். தீங்கு செய்யாதபடி மாற்றப்பட்ட வைரஸின் மூலம் அவற்றுக்குள் புதிய ஜீன் ஒன்று செலுத்தப்படுகிறது. அதன் பிறகு, சிடி19 என்ற புரதத்தைத் தாங்கிய எந்தச் செல்லையும் டி செல்கள் தேடிப் பிடித்து அழிக்கின்றன. சில வகை ரத்தப் புற்றுநோய்களில் தறிகெட்டுப் பெருகும் பி செல்களின் மேல் இருப்பது இந்தப் புரதம்தான். கோடிக்கணக்கில் பெருக்கப்பட்ட டி செல்கள் அதே நோயாளியின் உடலில் மீண்டும் ஏற்றப்படுகின்றன. இதுதான் கார்-டி சிகிச்சை.

2012இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், மற்ற மருந்துகள் கைவிட்ட 6 வயதுச் சிறுமி எமிலி ஒயிட்ஹெட் இந்தச் சிகிச்சையால் பிழைத்தபோது மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. 2017இல் அங்கு அரசு அனுமதி கிடைத்தது. விலை 4,75,000 டாலர். இன்றைய மதிப்பில் சுமார் 4 கோடி ரூபாய்.

இந்தியாவில் இந்த வேலையைக் கையில் எடுத்தவர்கள் மும்பை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ராகுல் புர்வார் குழுவினரும் டாடா நினைவு மைய டாக்டர்களும். ஜீனைச் சுமக்கும் வைரஸை இறக்குமதி செய்யாமல் தாங்களே தயாரித்ததில் செலவு வெகுவாகக் குறைந்தது. 2021 ஜூனில் முதல் நோயாளிக்குச் செல்கள் ஏற்றப்பட்டன. 2023 அக்டோபரில் 'நெக்ஸ்கார்19' அனுமதி பெற்றது. அறிமுகமானபோது சொல்லப்பட்ட விலை 30 முதல் 40 லட்சம் ரூபாய். 2025 ஜனவரியில் பெங்களூரின் இம்யூனீல் நிறுவனமும் 'கார்டெமி' என்ற மருந்துடன் களமிறங்கியது.

பலன் எப்படி? மற்ற சிகிச்சைகளுக்கு மசியாத, அல்லது திரும்பி வந்த நோய் கொண்டவர்களிடம் நெக்ஸ்கார்19 பரிசோதிக்கப்பட்டது. சுமார் 73 சதவீதம் பேரிடம் பலன் தெரிந்ததாக 2025இல் முடிவுகள் வெளியாயின. ஆனால் எல்லோருக்கும் அந்தப் பலன் நீடிக்கவில்லை. ஆபத்துகளும் உண்டு. தூண்டப்பட்ட செல்கள் கடும் காய்ச்சலையும் ரத்த அழுத்த வீழ்ச்சியையும் உண்டாக்கலாம். அபூர்வமாக டி செல்களிலேயே புற்றுநோய் தோன்றலாம் என்று 2024இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது.

இன்னொரு பக்கவிளைவு, நல்ல பி செல்களும் சேர்ந்து அழிவது. இந்தக் குறையே வேறொரு நோய்க்கு வரமாகலாம். லூபஸ் நோயில் உடலைத் தாக்கும் எதிர்ப்பொருட்களை உற்பத்தி செய்பவை வழிதவறிய பி செல்கள்தான். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் டாக்டர் கியோர்க் ஷெட் குழுவினர், லூபஸ் உள்ளிட்ட மூன்று நோய்களால் அவதிப்பட்ட 15 பேருக்கு இந்தச் சிகிச்சை அளித்தார்கள். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளை அனைவராலும் நிறுத்த முடிந்தது என்று 2024இல் அறிவித்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் ஆயுள் முழுக்க மாத்திரையை நம்பியிருப்பவர்களுக்குப் பெரிய நம்பிக்கை.

நம்பிக்கைக்கும் நோயாளிக்கும் நடுவே நிற்பது பணம். ஆயுஷ்மான் பாரத் காப்பீடு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குத் தருவது 5 லட்சம் ரூபாய். 4 கோடியை 40 லட்சமாக்கி ஒரு சைபரை அழித்துவிட்டார்கள் விஞ்ஞானிகள். இன்னும் ஒரு சைபர் போனால் ஏழையின் காப்பீட்டுக்குள் சிகிச்சை அடங்கிவிடும். அதை ஆய்வுக்கூடம் மட்டுமே அழித்துவிட முடியாது. அரசும் காப்பீட்டு நிறுவனங்களும் கை கொடுக்க வேண்டும்.