பாட்டுக்கு முதல் எழுத்து

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெரு இருக்கிறது. கரமனை என்ற ஊர்ப்பகுதியும் இருக்கிறது. இங்கெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன.

அப்படி ஒரு தெருவில் இருந்து ஒரு வேன் புறப்பட்டது. எல்லோரும் கன்னியாகுமரிக்குப் போகிறார்கள். வேன் பாலராமபுரத்தைத் தாண்டியது. பாட்டு விளையாட்டு தொடங்கியது.

வலது பக்கம் ஒரு கட்சி. இடது பக்கம் ஒரு கட்சி. ஒரு கட்சி பாடி முடிக்கும். பாட்டின் கடைசி எழுத்து எதுவோ, அந்த எழுத்தில் அடுத்த கட்சி பாட வேண்டும்.

வலது பக்கத்துக்கு ‘ம’ வந்தது. எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அடுப்படியில் நாள் முழுவதும் பாடுகிறவர் அவர்தான். ஆனால் அத்தை பேசாமல் இருந்தார். எதிர்க் கட்சி பத்து வரை எண்ணியது. வலது பக்கம் தோற்றது.

பிறகு எதிர்க் கட்சி ‘மழை’ என்று தொடங்கும் ஒரு பாட்டைப் பாடியது. அத்தையும் கூடவே பாடினார். ஒரு சொல் தவறவில்லை. கடைசி வரை பாடினார்.

“அத்தை, இந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியுமே! ஏன் சொல்லவில்லை?” என்று மருமகள் கேட்டாள்.

“பாட்டு தெரியும்மா. ‘ம’ என்று கேட்டால் எந்தப் பாட்டு என்று தெரியவில்லை” என்றார் அத்தை.

அத்தை எழுத்தறிவு வகுப்புக்குப் போனவர். எழுத்துகள் அவருக்குத் தெரியும். பாட்டும் தெரியும். இரண்டையும் சேர்க்கத்தான் தெரியவில்லை. அதைச் சேர்ப்பது எப்படி?

விளையாட்டின் பெயர்

இந்த விளையாட்டுக்கு அந்தாக்ஷரி என்று பெயர். அந்தம் என்றால் முடிவு. அட்சரம் என்றால் எழுத்து. முடிவு எழுத்தைப் பிடித்துப் பாடும் விளையாட்டு இது. தமிழில் பாட்டுக்குப் பாட்டு என்றும் சொல்வார்கள். அந்தப் பெயரில் பி.எச். அப்துல் ஹமீது இலங்கை வானொலியில் நிகழ்ச்சி நடத்தினார். பிறகு தொலைக்காட்சியிலும் நடத்தினார். அதைப் பார்த்துப் பல வீடுகளில் விளையாடினார்கள்.

முடிவைப் பிடித்துத் தொடங்குவது தமிழுக்குப் புதிது அல்ல. அந்தாதி என்று ஒரு பாட்டு வகை உண்டு. அந்தம் என்றால் முடிவு. ஆதி என்றால் தொடக்கம். ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். காரைக்கால் அம்மையார் பாடிய அற்புதத் திருவந்தாதி அப்படிப்பட்டது. திருக்கடையூர் அபிராமி பட்டர் பாடிய அபிராமி அந்தாதியும் அப்படிப்பட்டது. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டை நினைவுக்குக் கொண்டு வரும். அதனால் மனப்பாடம் செய்வது எளிது.

கேரளத்திலும் ஒரு விளையாட்டு உண்டு. அதன் பெயர் அட்சரசுலோகம். சுலோகத்துக்கு நான்கு வரி. ஒருவர் ஒரு சுலோகம் சொல்வார். அதன் மூன்றாவது வரி எந்த எழுத்தில் தொடங்குகிறதோ, அந்த எழுத்தில் அடுத்தவர் சுலோகம் சொல்ல வேண்டும். கேரளப் பள்ளிக் கலைவிழாவில் இதற்குப் போட்டி உண்டு. 2025 ஜனவரியில் அந்த மாநில விழா திருவனந்தபுரத்தில் நடந்தது.

எழுத்தில் இருந்து சொல், சொல்லில் இருந்து பாட்டு

‘ம’ என்று கேட்டவுடன் பாட்டைத் தேடக் கூடாது. முதலில் சொல்லைத் தேட வேண்டும். மழை, மலர், மனம், மயில், மாலை, மாமா, மீன், முத்து. இப்படி வரிசையாக நினைக்க வேண்டும். ஏதாவது ஒரு சொல் ஒரு பாட்டை இழுத்து வரும்.

சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் நாம் தினமும் பேசும் சொல்லில்தான் தொடங்கும். இவை சில:

அ – அம்மா, அன்பு, அழகு
ஆ – ஆசை, ஆறு, ஆகாயம்
உ – உன், உயிர், உலகம்
ஒ – ஒரு, ஒன்று
க – கண், கடல், காற்று, காலம்
ந – நான், நீ, நிலா, நெஞ்சம்
ப – பூ, பொன், பாட்டு, பெண்
வ – வா, வானம், வீடு

சிலருக்குப் பாட்டின் நடுப்பகுதிதான் முதலில் நினைவுக்கு வரும். அவர்கள் மெதுவாகப் பின்னால் போய்ப் பல்லவியைப் பிடிக்க வேண்டும். பல்லவியின் முதல் எழுத்துதான் கணக்கு.

வராத எழுத்துகள்

பாட்டு ‘ம்’ என்று முடிந்தால் புள்ளியை எடுத்துவிட வேண்டும். ‘ம’ என்று வைத்துக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் ம, மா, மி, மு எல்லாவற்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் ‘ன்’ என்று முடிந்தால் என்ன செய்வது? ‘ன’வில் தொடங்கும் தமிழ்ச் சொல் இல்லை. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது என்று பழைய இலக்கணம் சொல்கிறது. அதனால்தான் பழைய புத்தகங்களில் ராமனை ‘இராமன்’ என்று எழுதினார்கள். ராகம், லட்சம், டாக்டர் போன்ற சொற்கள் வேறு மொழிகளில் இருந்து வந்தவை.

எனவே விளையாடும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. ன, ண வந்தால் ‘ந’ பாடலாம். ள, ழ வந்தால் ‘ல’ பாடலாம். ற வந்தால் ‘ர’ பாடலாம்.

தாயும் மகளும்

அன்று வேனில் ஒரு சண்டையும் வந்தது. ‘ப’ என்ற எழுத்துக்கு மருமகள் ‘பாரதம்’ என்று தொடங்கும் ஒரு பாட்டைப் பாடினாள். அவள் மகள் மலையாளப் பள்ளியில் படிக்கிறாள்.

“அம்மா, தப்பு! இது வேற எழுத்து” என்றாள் அவள்.

மருமகளின் முகம் வாடியது. “எழுத்தில் எனக்குத் தப்பு வராதே” என்றாள்.

யார் சொன்னது சரி? இருவர் சொன்னதும் சரி. தமிழில் பாட்டு, பாரதம் இரண்டையும் ஒரே ‘ப’ கொண்டு எழுதுகிறோம். மலையாளத்தில் இந்த வரிசைக்கு நான்கு எழுத்துகள் உண்டு. பாட்டுக்கு முதல் எழுத்து. பாரதத்துக்கு நான்காவது எழுத்து. க, ச, ட, த வரிசைகளிலும் இப்படித்தான்.

தமிழ்ப் பாட்டுக்குத் தமிழ் எழுத்து. மலையாளப் பாட்டுக்கு மலையாள எழுத்து. இப்படி வைத்துக்கொண்டால் சண்டை வராது. மகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தாய்க்கு மலையாள எழுத்து தெரியாது. விளையாடிக்கொண்டே ஒருவருக்கு ஒருவர் கற்றுக்கொடுக்கலாம்.

பாட்டு நோட்டு

ஊர் திரும்பியதும் மருமகள் அத்தைக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தாள். ஒரு பக்கத்துக்கு ஓர் எழுத்து. அ, ஆ என்று தொடங்கி ‘வ’ வரை எழுதினார்கள். பிறகு அத்தை பாடுவார். பாடிய பாட்டின் முதல் மூன்று சொற்களை அதற்கு உரிய பக்கத்தில் எழுதுவார். பக்கத்திலேயே படத்தின் பெயர். ஓரத்தில் பாட்டின் கடைசி எழுத்து, அதற்கு ஒரு வட்டம்.

வட்டம் எதற்கு? எந்தப் பாட்டைப் பாடினால் எதிர்க் கட்சிக்குக் கடினமான எழுத்து போகும் என்று அதைப் பார்த்தால் தெரியும்!

இதில் இன்னொரு பெரிய பயன் உண்டு. 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று கோழிக்கோட்டில் அறிவித்தார்கள். அறிவித்தவர் செலக்கோடன் ஆயிஷா. அவரே அப்போது புதிதாக எழுத்துக் கற்றவர். ஆனால் கற்ற எழுத்தைப் பயன்படுத்தாவிட்டால் அது கையை விட்டுப் போய்விடும். தினமும் இரண்டு பாட்டு எழுதினால் போகாது.

திரையில் ஓடும் எழுத்து

இப்போது கைப்பேசியில் கரோக்கே வந்துவிட்டது. அதில் இசை மட்டும் வரும். பாட்டின் சொற்கள் திரையில் வரும். பார்த்து நாம் பாட வேண்டும். 1971-ல் ஜப்பானில் கோபே நகரில் இனோவே டைசுகே என்பவர் இதற்கு ஒரு கருவி செய்தார்.

படிக்கக் கற்பதற்கும் இது உதவும். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் இருந்த பிரிஜ் கோத்தாரி 1996-ல் ஒரு வழியைச் சொன்னார். சினிமாப் பாட்டு ஓடும்போது அதே மொழியில் சொற்களைத் திரையில் காட்ட வேண்டும். பாடும் சொல் நிறம் மாற வேண்டும். காது கேட்கும்போதே கண் படிக்கும். 1999-ல் குஜராத்தில் தூர்தர்ஷனில் இது தொடங்கியது. பிறகு நாடு முழுவதும் தெரியும் சித்ரஹார் நிகழ்ச்சியிலும் வந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல கரோக்கேக்களில் தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் போடுகிறார்கள். தமிழ் எழுத்தில் உள்ளதைத் தேடி எடுக்க வேண்டும்.

ஓணம் விடுமுறைக்கு அந்தத் தெரு மறுபடியும் வேன் பிடித்தது. பாறசாலை வருவதற்குள் ‘ம’ வந்தது. அத்தை நோட்டைத் திறக்கவே இல்லை. பாட்டு தானாக வந்தது. அதன் கடைசி எழுத்து ‘ள்’. எதிர்க் கட்சி விழித்தது.

அத்தை ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார்.

செய்து பாருங்கள்

1. உங்கள் பெயரின் முதல் எழுத்தில் தொடங்கும் ஐந்து சொற்களை எழுதுங்கள். அவற்றில் எந்தச் சொல்லில் பாட்டு தொடங்குகிறது?
2. உங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் பாடுங்கள். அதன் முதல் எழுத்து எது? கடைசி எழுத்து எது?
3. உங்கள் வீட்டில் ‘ண’ வந்தால் எந்த எழுத்தில் பாடுவீர்கள்? கேட்டு எழுதுங்கள்.