பரமபதமும் பேரிடர் பாடமும்

விளையாட்டின் வழியே அறிவு புகட்டுவது நமக்குப் புதிதன்று. பாம்பும் ஏணியும் கொண்ட பரமபத சோபான படம், நல்வினை ஏற்றும், தீவினை இறக்கும் என்று பிள்ளைகளுக்குக் கற்பித்த பலகையே. வடநாட்டுச் சமணர்களும் 'ஞான சௌபட்' என்ற பெயரில் இதனைத் துணியில் எழுதி ஆடினர்.

அதே உத்தி இன்று பேரிடர்க் கல்விக்கு வந்திருக்கிறது. ஐ.நா.வின் பேரிடர்த் தணிப்பு அமைப்பும் யுனிசெஃபும் வெளியிட்ட 'ரிஸ்க்லேண்ட்' பலகையில், முன்னெச்சரிக்கையாக நடந்தால் காய் முன்னேறும். அசட்டையாக இருந்தால் பின்வாங்கும். கிட்டத்தட்ட நம்ம பரமபதம்தான்! 2007-இல் அதே ஐ.நா. அமைப்பு 'ஸ்டாப் டிசாஸ்டர்ஸ்' என்ற கணினி விளையாட்டைத் தந்தது. வெள்ளம், நிலநடுக்கம், ஆழிப்பேரலை, சூறாவளி, காட்டுத்தீ ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்து, கையிலுள்ள பணத்துக்குள் ஊரைக் காக்க வேண்டும். 2014-இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம், வீட்டுத் தீ முதலியவற்றைச் சொல்லித்தரும் 'மான்ஸ்டர் கார்டு' என்ற கைப்பேசி விளையாட்டை வெளியிட்டது.

"பெங்களூருக்குக் கடலா புயலா, நமக்கெதுக்கு இதெல்லாம்?" என்பார் உண்டு. 2010 பிப்ரவரி 23 அன்று பழைய விமான நிலையச் சாலையில் கார்ல்டன் டவர்ஸ் கட்டடம் தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டனர். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் வெளிவட்டச் சாலைப் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து மக்களைப் படகிலும் டிராக்டரிலும் மீட்டார்கள். மேட்டு நிலம் என்ற தைரியம் போதாது.

ஆனால் அரிசி வியாபாரி நான். மூட்டையின் எடை தராசில்தான் தெரியும், படத்தில் தெரியாது. திரையில் விரல் கண்ட வாசலை இருட்டில் கால் காண வேண்டுமே! ஆகவே குழந்தை ஆடி முடித்ததும் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, வீட்டிலேயே மூன்றைப் பழக்குங்கள்.

முதலாவது, புகை. புகை மேலே எழும். நல்ல காற்று தரையோரம் இருக்கும். தவழ்ந்து வாசலுக்கு வந்து, லிப்டைத் தொடாமல் படியில் இறங்கச் செய்யுங்கள்.

இரண்டாவது, கேஸ் வாடை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடிச் சன்னல்களைத் திறப்பது பெரியவர் வேலை; குழந்தை வெளியே போய்விட வேண்டும். வெளியே நின்று 1906-க்குப் பேசலாம்.

மூன்றாவது, பேச்சு. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதுவே முக்கியம். 112-ஐ அழைத்து, வீட்டு முகவரியையும் அருகிலுள்ள அடையாளத்தையும் குழந்தை கன்னடத்தில் தடுமாறாமல் சொல்ல வேண்டும். அதே மூச்சில், தமிழ் மட்டுமே அறிந்த பாட்டியிடம், "பாட்டி, புகை வருது, குனிஞ்சு வாங்க" என்று சொல்லவும் தெரிய வேண்டும். எந்த விளையாட்டும் இந்த இரண்டு மொழியைச் சேர்த்துக் கற்பிக்காது. நாம்தான் கற்பிக்க வேண்டும்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால் மணி நேரம் போதும். பாட்டியையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வருமுன் காப்போனாய் நம் பிள்ளைகள் வளரட்டும்.