வண்டி இழுக்கவில்லையா? எஞ்சினைப் பிரிக்கும் முன்...

மோட்டார் சைக்கிளின் இழுவை குறைந்தவுடன் எஞ்சினைப் பிரிக்க இசைய வேண்டியதில்லை. செலவு குறைந்த காரணங்களை முதலில் ஆராய்வதே சிக்கனம்.

எஞ்சினை அணைத்து, வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். தடையின்றிச் சுழலாவிடில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஓட்டும்போது எஞ்சின் இரைச்சல் கூடியும் வேகம் கூடாவிடில், கிளட்ச் நழுவக்கூடும்; சில வேளைகளில் கேபிளின் இறுக்கத்தைச் சரிசெய்தாலே போதும்.

எஞ்சின் ஆறியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதில் உலர்ந்த கரி படிந்திருந்தால், பெட்ரோலுக்கேற்ற காற்று கிடைக்காமல் இருக்கலாம். ஏர் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறதா எனக் கவனியுங்கள். அதை மாற்றுவது சிறு செலவே.

சைலன்சரில் நீலப்புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது; பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்போதும் கம்ப்ரெஷன் சோதனை செய்வித்து, செலவு மதிப்பீட்டை எழுத்தில் பெற்ற பின்னரே பழுதுபார்க்க ஒப்புதல் அளியுங்கள்.